சுண்டுவுக்கு யார் ஊட்டுவது

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். சின்னத் தவறுதான், ஆனால் அதற்காக ஒரு குழந்தை அழுதது. கீழ்வீட்டுப் பெரியக்காவிடம், "காலையில ரத்தம் எடுக்கணும், சுண்டுவ வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க" என்று நேற்றுச் சொல்லிவிட்டேன். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. சர்க்கரை பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"மூணு வயசுப் புள்ளைய யாரு பட்டினி போடச் சொன்னா?" என்று ஊசி அண்ணன் கேட்டார். பெரியக்கா என் பக்கம் கை காட்டவில்லை. "நானாத்தான் எதுவும் கொடுக்கல" என்றாள். அது எனக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது.

ஊசி அண்ணன் எங்கள் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். நான் வாசல் மேசையில் பெயர் பதிபவள். அவர் செய்யும் வேலையைக் கற்றுக்கொள்ள மாலை வகுப்புக்குப் போகிறேன். அதனால் கீழ்வீட்டில் எனக்குப் 'பரீட்சை' என்று பெயர் விழுந்துவிட்டது.

கீழ்வீடு என்றால் பேக்கரி. முன்னால் கடை, நடுவில் அடுப்பறை, பின்னால் அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையலறை. மாடியில் ஒற்றை அறையும் ஒரு சின்ன அடுப்படியும். அதில் நான் குடியிருக்கிறேன். கீழே அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார். தம்பி வண்டியில் கடை கடையாகப் போய் ரொட்டி போடுகிறார். மாவு பிசைவது தம்பியின் மனைவி, அதாவது சின்னக்கா. வெந்து வந்ததை ஆற வைத்துப் பொட்டலம் கட்டுவது அண்ணனின் மனைவி பெரியக்கா. சுண்டு அவளுடைய ஒரே மகள். மாவு மூட்டைகளுக்கு நடுவில் சுண்டெலி மாதிரி ஓடுவதால் வந்த பெயர். கையும் காலும் குச்சி. கண் மட்டும் முகத்துக்குப் பெரிது.

தடுப்பூசி போடப் போன இடத்தில் குழந்தை டாக்டரம்மா எடையைப் பார்த்துவிட்டு யோசித்தாராம். போன வருடம் மழைக்காலம் வரை வயிறு ஊதி, பேதியாகிக் கிடந்த பிள்ளை. வளர்த்தி இல்லை, உடம்பில் ரத்தமும் இல்லை. சில குழந்தைகளுக்குக் கோதுமை ஆகாது, தின்னத் தின்னக் குடல் புண்ணாகும், அது ரத்தத்தில் தெரியும், பார்த்துவிடலாம் என்றாராம். "ரொட்டி, பிஸ்கட்டெல்லாம் தினமும் சாப்பிடறாளா?" என்று கேட்டாராம்.

"பேக்கரிக்காரன் பொண்ணு டாக்டர்! கேக்கவா வேணும்?" என்று சுண்டுவின் அப்பா, அதாவது பெரியவர், சொன்னதும் டாக்டரம்மாவும் சிரித்துவிட்டாராம். இதைப் பெரியவர் அடுப்பறையில் இரண்டு முறை சொல்லிக் காட்டினார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

காலையில் நடந்ததை விட்டுவிட்டேன். சுண்டு அம்மா மடியில் உட்கார்ந்து இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டாள். ஊசி அண்ணன் ஊதல் ஊதினார், பூனை மாதிரிக் கத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. பெரியக்கா கெஞ்சினாள், பிறகு அதட்டினாள். அந்த நேரம் சின்னக்கா வந்தாள். முழங்கை வரை மாவு, கையில் காகிதத்தில் சுற்றிய சூடான பன்.

"ஏய் எலிக்குட்டி, அந்த மாமா கைய நீட்டச் சொல்றாரு, நீ எதுக்குக் கோழி மாதிரி இறக்கைய மடக்கிட்டு உக்காந்திருக்க?"

சுண்டு கையை நீட்டினாள். ஊசி ஏறி இறங்கும் வரை சித்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சை வைத்து அழுத்தியதும் சின்னக்கா பன்னைப் பிட்டாள். பெரியக்கா அந்தக் கையைத் தள்ளினாள். "வேணாம். வீட்டுக்குப் போய் நான் ஊட்டிக்கறேன்."

"பசிக்குதுக்கா புள்ளைக்கு."

"அவ பசி எனக்குத் தெரியாதா? பெத்தது நானா நீயா?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுண்டு வீறிட்டாள். சின்னக்கா பன்னை என் மேசையில் வைத்தாள். "பரீட்சை, நீயாவது தின்னு. ஆறினா ருசி போயிடும்."

தின்றேன். நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சின்னக்கா எதையும் அளப்பதில்லை. உப்பைக் கையில் அள்ளிப் போடுவாள், தண்ணீரைக் கண்ணால் பார்த்து ஊற்றுவாள், மாவு சொன்ன நேரத்துக்குப் பொங்கி நிற்கும். ஒரு சொல் சொல்வாள், குழந்தை கையை நீட்டும். பெரியக்காவும் நானும் எல்லாவற்றையும் அளந்து, எண்ணி, இரண்டு முறை சரிபார்த்துச் செய்கிறவர்கள். எங்களைப் பார்த்து யாரும் கை நீட்டுவதில்லை.


மார்ச் 7, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. ஒன்றும் இல்லை. தாளைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டு மகளை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார். "பேக்கரிக்காரன் வீட்டுல பொறந்து கோதுமை ஆகலேன்னா எப்படி? மீன்குஞ்சுக்குத் தண்ணி ஆகாதா?" நாளையிலிருந்து காலையில் அடுப்போரம் உட்கார்ந்து சித்தி கையால் பன் தின்னட்டும், உடம்பு தேறட்டும் என்று சொல்லிவிட்டார். முன்பு அப்படித்தான் வழக்கம். போன மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் பெரியக்கா, "இனிமே நானே ஊட்டிக்கறேன்" என்று பன்னை வாங்கிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்திருந்தாள்.

பிறகு பெரியக்கா மாடிக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினாள்.

"நீ படிக்கற பொண்ணு, நியாயத்த சொல்லு. மழைக்கு முன்னாடி அவ எப்படி இருந்தா? வயிறு பானை, கால் ஈர்க்குச்சி. நான் ஊட்ட ஆரம்பிச்சப்புறம் பேதி நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சுக்கா."

"யாரு கையில நின்னுச்சு?"

"உங்க கையிலதான்."

"அத ஒருத்தர் சொல்லல பாரு இந்த வீட்டுல."

அவள் போன பிறகும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் கட்சிக்கு ஓர் ஓட்டு விழுந்ததுபோல.


ஏப்ரல் 12, சனி

கீழே பெரிய சண்டை. சுண்டுவின் வயிறு மறுபடி ஊதிவிட்டது. பத்து நாளாகப் பேதி. ராத்திரியில் அழுகிறாள், பகலில் மூட்டைமேல் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். ஓட்டம் நின்றுவிட்டது.

நான் ரொட்டி வாங்க இறங்கியபோது பெரியக்கா அடுப்பறை வாசலில் நின்றிருந்தாள். சின்னக்கா தொட்டியில் குனிந்து மாவை மடித்து மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். வெயிலோடு அடுப்பின் சூடும் சேர்ந்து அறை கொதித்தது.

"எம்பொண்ணு வயித்தப் பாத்தியா? உன் கை பட்ட நாள்லருந்துதான்."

"என் கையில என்னக்கா இருக்கு? மாவுதான் இருக்கு."

"கையில மாவு. கண்ணுல?"

"எனக்கே ரெண்டு பொண்ணு இருக்கு. உம்பொண்ணுமேல கண்ணு வைக்கறதுதான் எனக்கு வேலையா?"

"அதத்தான் நானும் கேக்கறேன். ரெண்டு இருக்கு, ரெண்டும் கன்னுக்குட்டி கணக்கா இருக்கு. அது பத்தலையா? என்னோடதும் வேணுமா உனக்கு?"

மாவு குத்தும் சத்தம் நின்றது. சின்னக்கா நிமிர்ந்தாள். "சரிக்கா. இனிமே உம்பொண்ணு பக்கம் என் நிழல்கூட விழாது."

இது எதுவும் தெரியாமல் சுண்டு உள்ளே வந்து தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்தாள். பெரியக்கா அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். பன் மாவுத் தூசியில் உருண்டது. "தொடுவியா? இனிமே ரொட்டியத் தொடுவியா?"

குழந்தை அழவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்தாள்.


ஏப்ரல் 15, செவ்வாய்

பெரியவரால் அடுப்பை விட்டு வர முடியவில்லை. துணைக்கு நான் போனேன். டாக்டரம்மா சுண்டுவைப் படுக்க வைத்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பழைய முடிவை எடுத்து மறுபடி படித்தார்.

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ரொட்டி சாப்பிட்டுட்டுதானே இருந்தா?"

பெரியக்கா சுவரைப் பார்த்தாள். அங்கே பல் துலக்கும் குழந்தையின் படம் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "இல்ல" என்றாள்.

"எத்தனை நாளா?"

"மழைக்கு முன்னாடியிலருந்து. அஞ்சு மாசம் இருக்கும்."

"தினமும் சாப்பிடறான்னு அப்பா சொன்னாரே?"

"அவருக்குத் தெரியாது. பன்னை வாங்கிட்டு உள்ள போயிடுவேன். அவளுக்குச் சோறுதான் ஊட்டுவேன்."

"ஒத்துக்கலேன்னு நீங்களா கண்டுபிடிச்சு நிறுத்தினீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"இல்லங்க. அவ சித்தி கையில சாப்பிடறா, என் கையில சாப்பிட மாட்டேங்கறா. அதுக்குத்தான் நிறுத்தினேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். திட்டவில்லை. "ரொட்டிய நிறுத்தினதாலதான் வயிறு சரியாச்சு. அதனாலதான் ரத்தத்துலயும் எதுவும் தெரியாம போயிருக்கலாம். கோதுமை உள்ள போனாத்தான் உடம்பு அதோட சண்டை போடும். அந்தச் சண்டையத்தான் நாங்க ரத்தத்துல தேடறோம். நீங்க அடுப்ப அணைச்சுட்டீங்க, நாங்க புகையத் தேடியிருக்கோம்."

"அப்ப இப்பவே நிறுத்திடறேன்."

"கூடாது. ஆறு வாரம், தினமும் ரெண்டு வேளையாவது ரொட்டி சாப்பிடணும். அப்புறம் ரத்தம் எடுப்போம். நடுவுல ரொம்ப முடியலேன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

"வயிறு ஊதுமே?"

"ஊதலாம்."

"தெரிஞ்சே கொடுக்கணுமா?"

"இல்லேன்னா இது என்னன்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஒரு தடவ கொடுப்பீங்க, ஒரு தடவ நிறுத்துவீங்க. அவ வளரவே மாட்டா."

திரும்பி வரும் வழியெல்லாம் பெரியக்கா தூக்கத்தில் இருந்த சுண்டுவைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டாள். கடை வாசலுக்கு வந்ததும் சொன்னாள். "இந்தப் பாவத்த நானே பண்ணிக்கறேன். இதையும் அவ கையில கொடுக்க மாட்டேன்."


ஏப்ரல் 19, சனி

கொடுக்க முடியவில்லை. சுண்டு அம்மாவின் கையில் ரொட்டியைப் பார்த்தாலே வாயை இறுக்கிக்கொள்கிறாள். பாலில் நனைத்தும், சர்க்கரை தூவியும், சோற்றுக்குள் ஒளித்தும் பார்த்தாயிற்று. "தொட்டா அம்மா அடிப்ப" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "அடிக்க மாட்டேன்டி, தங்கமே, தின்னு" என்றால், "பொய்" என்கிறாள். நேற்று ஒரு வாய் வாங்கிக்கொண்டாள் என்று பெரியக்கா என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னாள். இன்று காலை பாயைத் தூக்கியபோது அந்த வாய் அடியில் காய்ந்து கிடந்தது.

மதியம், அடுப்பு அணைந்த நேரம். சின்னக்கா தொட்டியைத் தகடு வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பெரியக்கா என்னையும் கூப்பிட்டாள். சாட்சிக்கு என்று நினைக்கிறேன். சுண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ ஊட்டு" என்றாள் பெரியக்கா.

"எத?"

"ரொட்டிய. அவளுக்கு."

தகடு நிற்கவில்லை. "நான் மாட்டேன்க்கா."

"டாக்டர் சொல்லியிருக்காங்க."

"டாக்டரா இந்த வீட்டுல குடியிருக்காங்க? வயிறு ஊதினா, யாரு கைன்னு முதல்ல கேக்கறது நீதான். நல்லதுன்னு நெனச்சுக் கொடுத்தப்பவே பழி வந்துச்சு. ஆகாதுன்னு தெரிஞ்சதக் கொடுத்தா, என்னத் தூக்குல போட்டுடுவ."

"கேக்க மாட்டேன்."

"இன்னிக்குச் சொல்லுவ. ராத்திரி அவ அழுதா மறந்துடுவ. நான் மறக்க மாட்டேனே. கண்ணுல என்ன இருக்குன்னு கேட்டியே, அத எங்க கொண்டுபோய்க் கழுவறது?"

பெரியக்கா மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"உன் கையில தின்னா சிரிக்கறா" என்றாள். "என் கையில தின்னா முழுங்கறா, அவ்வளவுதான். எனக்கு அது தாங்கல. அதுக்காகத்தான் மழைக்காலம் பூரா ரொட்டியே கொடுக்காம இருந்தேன். அதனாலதான் பரிசோதனையும் வீணாப்போச்சு. போதுமா?"

தகடு நின்றது. "அப்ப தினமும் காலையில என்கிட்ட வாங்கிட்டுப் போன பன்னு?"

"நான்தான் தின்னேன். கதவுக்குப் பின்னால நின்னு."

"அஞ்சு மாசமாவா?"

"வீணாக்கக் கூடாதுல்ல."

சின்னக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அதான் பாத்தேன், சோளத்தட்டை மாதிரி இருந்தவ இப்படிப் பொங்கியிருக்கியேன்னு! ஈஸ்ட் எம்மாவுல போட்டேன், நீ உப்பியிருக்க!"

"சிரி, நல்லா சிரி" என்றாள் பெரியக்கா. அவளுக்கும் உதடு கோணியது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

சின்னக்கா கையைத் துடைத்துக்கொண்டு ரொட்டி எடுத்தாள். "ஒண்ணு சொல்றேன். நீ இங்க நிக்கக் கூடாது. உன் முகத்தப் பாத்தா அவ வாய் தெறக்காது."

"எங்க போறது?"

"கடையில போய் நில்லு."

பெரியக்கா போனாள். நடுவில் ஒரு பலகைக் கதவுதான். நான் இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் நின்றிருந்தேன். இந்தப் பக்கம் சின்னக்கா ரொட்டியை விரல் நுனியளவு பிட்டு, "இது எலிக்கு, இது எலியோட மாமியாருக்கு, மாமியார் பல்லில்லாதவ, நீயே மென்னு கொடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுண்டு கழுத்தைச் சாய்த்துச் சிரித்தாள். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு சின்னக்காவின் இடது கை குழந்தையின் சட்டைக்கு மேலாக வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அந்தப் பக்கம் பெரியக்கா பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். ஆறு பன் வைக்க வேண்டியதில் ஏழு வைத்து, மூட முடியாமல் பிதுக்கிப் பிதுக்கிக் கட்டினாள். சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் நூலை இழுத்து இறுக்கினாள்.


ஜூன் 20, வெள்ளி

வகுப்பு வேலைகளால் இத்தனை நாள் எழுதவில்லை. சோம்பலும் உண்டு. நடந்ததை இன்று வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அந்த ஆறு வாரத்தை இந்த வீடு எப்படிக் கடந்தது என்று தெரியவில்லை. காலையும் மாலையும் சின்னக்கா ஊட்டினாள். ராத்திரி முழுக்கப் பெரியக்கா கழுவினாள். கொடியில் துணி காயாத நாள் இல்லை. ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் சொன்னாள்: "பங்கு எப்படிப் பிரிஞ்சிருக்கு பாத்தியா? சிரிப்பு அவளுக்கு, பேதி எனக்கு." ஆனால் யாருடைய கை என்று அவள் கேட்கவில்லை. ஒரு ராத்திரிகூடக் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று சின்னக்கா தினமும் காலையில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரொட்டியைத் தொடுவாள்.

மறுபடி ரத்தம் எடுத்தோம். முடிவு வந்தபோது அந்த எண்ணைப் பார்த்து ஊசி அண்ணனே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இருக்க வேண்டிய அளவைப்போலப் பல மடங்கு. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே இன்னொரு முறை எடுத்து உறுதி செய்தார்கள். அதுவரை ரொட்டியை நிறுத்தவில்லை. நேற்றுத்தான் நிறுத்தச் சொன்னார்கள். இனி ஆயுசுக்கும் கோதுமை கூடாது. சோறு, பருப்பு, காய், முட்டை, பால் எல்லாம் சாப்பிடலாம். கோதுமை பட்ட பாத்திரம், கரண்டி கூடாது. மாவுத் தூசி அவள் சாப்பாட்டில் விழக் கூடாது.

"தூசியா?" என்று பெரியவர் அடுப்பறையைச் சுற்றிப் பார்த்தார். உத்திரத்தில், சன்னலில், அவருடைய புருவத்தில், எல்லா இடத்திலும் மாவு. அன்றைக்கு அவர் மீன்குஞ்சைப் பற்றிச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இன்று சாயங்காலம் பின்கட்டில் எல்லாரும் கூடினார்கள். சின்னக்கா குழாயடியில் தள்ளி நின்றாள். சுண்டு சித்தியிடம் ஓடப் பார்த்தாள். பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"என் தலைமயிர்லகூட மாவுதான் இருக்கு" என்றாள் சின்னக்கா. "இனிமே நான் அவளத் தூக்கக் கூடாதா?"

பெரியக்கா இத்தனை நாள் ஆசைப்பட்டது இதுதான். இப்போது டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் போய்த் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு குவளை மொண்டாள்.

"கைய நீட்டு."

சின்னக்கா நீட்டினாள். பெரியக்கா ஊற்றினாள். சோப்பைக் கொடுத்தாள். "முழங்கை வரைக்கும் தேய். இன்னும் மேல. நகத்தக் காட்டு. இது என்ன?"

"அது நகம்க்கா."

"நகத்துக்குள்ள. தேய்."

மூன்று முறை கழுவ வைத்தாள். தலையில் துண்டு கட்ட வைத்தாள். கொடியிலிருந்து தன்னுடைய துவைத்த புடவையை எடுத்துக் கொடுத்து, போய் மாற்றிக்கொண்டு வரச் சொன்னாள். வந்ததும், "இப்ப தூக்கு. ரொம்ப நேரம் வச்சிருக்காத" என்றாள். சுண்டு ஏறிக்கொண்டாள். பெரியக்கா குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள். அவர்கள் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு சமையல் பற்றிப் பேச்சு வந்தது. கீழே எங்கே சமைத்தாலும் மாவு விழும். புது வீடு பார்க்க இப்போது முடியாது. பெரியவர் மாடியைப் பார்த்தார். எல்லாரும் மாடியைப் பார்த்தார்கள்.

"பரீட்சை" என்று பெரியக்கா ஆரம்பித்தாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன்.

"அப்ப எலிக்குட்டி வளை மாடியிலதான்" என்றாள் சின்னக்கா. "இனிமே பரீட்சை கையிலதான் தின்னப்போகுது."

"ஏன், நான் என்ன ஆனேன்?" என்றாள் பெரியக்கா. "சமைக்கறது நான், ஊட்டறதும் நான். பரீட்சை பகல்ல வேலைக்குப் போயிடும்."

"சாயந்தரம் வருமே."

"சாயந்தரம் வகுப்பு இருக்கு அதுக்கு."

"ஞாயித்துக்கிழமை?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாளில் அவர்கள் இரண்டு பேருடைய பார்வையும் ஒன்றுபோல இருந்தது இன்றைக்குத்தான். என்னை இதற்கு முன் ஒருவர்கூடப் போட்டிக்காரியாகப் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் துணி துவைப்பேன்க்கா" என்றேன்.

"துவை துவை" என்றாள் பெரியக்கா. நம்பியதாகத் தெரியவில்லை.

மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷமாக இருந்தது. ஒரு குழந்தைக்கு ஆயுசுக்கும் ரொட்டி இல்லை என்று முடிவான நாளில் இப்படி இருக்கக் கூடாது என்று தெரிகிறது. இருந்தது.

நாளை செய்ய வேண்டியது: அலமாரியில் இருக்கும் கோதுமை மாவு, ரவை, பிஸ்கட் எல்லாவற்றையும் கீழே கொடுத்துவிட வேண்டும். அடுப்படியையும் தட்டுகளையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைக்க வேண்டும். வேலைக்குப் போகிற வழியில் அறைச் சாவிக்கு இரண்டு நகல் எடுக்க வேண்டும்.